ஐகான் மாத்தியும் மாறலையா? அதை யார் வரையுறாங்கன்னு முதல்ல பாருங்க

ஆப் ரெடியாகி ஸ்டோருக்குப் போற வாரத்துல வர்ற ஃபோன் கால்ல மூணு புகார் மாத்தி மாத்தி வந்துட்டே இருக்கும். "லோகோ ஓரத்துல வெட்டுப்பட்டுத் தெரியுது", "நோட்டிஃபிகேஷன்ல லோகோவுக்குப் பதிலா வெள்ளைக் கட்டம் வருது", "ஃபோன்ல புது லோகோ இருக்கு, பிளே ஸ்டோர்ல பழசே நிக்குது". மூணுக்கும் காரணம் வேற வேற, ஆனா நிறைய பேர் மூணுக்கும் ஒரே வைத்தியம்தான் பாக்கறாங்க, டிசைனர்கிட்ட திரும்ப ஒரு பிஎன்ஜி வாங்கி பழசு இருந்த இடத்துல போட்டு பில்டு (ஃபோன்ல போடற ஆப் ஃபைல்) எடுக்கறது. அதுல ராத்திரி முழுக்க போயிடும், பிரச்சனை அப்படியே இருக்கும்.

சின்னக் கடைங்க, பள்ளிக்கூடங்க, டிரஸ்டுங்களுக்கு ஆப் பண்ணிக் குடுக்கற வேலைல இருக்கறதால இதைச் சொல்றேன். நீங்க குடுக்கற படத்தை அப்படியே யாரும் காட்டறதில்ல. ஹோம் ஸ்க்ரீன்ல லாஞ்சர் (ஆப் ஐகான்களை அடுக்கிக் காட்டற ப்ரோகிராம்) வரையுது, மேல இருக்கற ஸ்டேட்டஸ் பார்ல சிஸ்டம் யூஐ வரையுது, ஸ்டோர்ல ஸ்டோர் வரையுது. மூணுக்கும் தனித்தனி சட்டம். அதனால ஐகான் சரியில்லன்னு யாராவது சொன்னா நான் கேக்கற முதல் கேள்வி "எந்த இடத்துல?", ரெண்டாவது "என்ன ஃபோன், என்ன வெர்ஷன்?". ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணு அனுப்புங்கன்னு கேட்டாலே பாதி விடை அதுல இருக்கும்.

லாஞ்சர்ல இருந்து ஆரம்பிப்போம். 2017-ல வந்த ஆண்ட்ராய்டு 8.0-ல அடாப்டிவ் ஐகான்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஆப்பும் அது இஷ்டத்துக்கு வட்டமா, சதுரமா ஐகான் வச்சுக்கும், இப்ப வடிவத்தை முடிவு பண்றது ஃபோன். பிக்சல்ல வட்டம், சாம்சங்ல ஓரம் வளைஞ்ச சதுரம், சில ஃபோன்ல யூசரே மாத்திக்கலாம். இதுக்காக நம்ம ரெண்டு லேயர் குடுக்கணும், பின்னாடி ஒரு கலரு, முன்னாடி லோகோ, ரெண்டும் 108 டிபி அளவு (டிபிங்கறது எந்த ஸ்க்ரீன்லயும் ஏறக்குறைய ஒரே அளவாத் தெரியறதுக்கான அளவுகோல்). அதுல நடுவுல இருக்கற 72 டிபி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், சுத்தி பக்கத்துக்கு 18 டிபி அனிமேஷனுக்கும் மாஸ்க்குக்கும் (ஃபோன் வெட்டி எடுக்கற வடிவம்) போயிடும், துணி தைக்கும்போது உள்தையலுக்குன்னு விடுவாங்கல்ல அந்த மாதிரி. எந்த வடிவ மாஸ்க் வந்தாலும் வெட்டுப்படாதுன்னு உத்தரவாதம் இருக்கறது நடுவுல 66 டிபி வட்டத்துக்கு மட்டும்தான். லோகோவோட எந்த முக்கியமான பாகமும் அந்த வட்டத்தை விட்டு வெளிய போகக் கூடாது. டிசைனர் 512 பிக்சல் சதுரத்துல ஓரம் வரைக்கும் நிரப்பிக் குடுத்த லோகோவை அப்படியே முன் லேயரா வச்சா அகலத்துல மூணுல ஒரு பங்கு காணாமப் போகும், வெட்டுப்பட்டுத் தெரியுதுன்னு வர்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதுக்கு நேர் எதிரான புகாரும் வரும், லோகோ சுருங்கி ஒரு வெள்ளைத் தட்டு மேல உக்காந்திருக்கு, மத்த ஆப்பெல்லாம் பெருசா இருக்கு நம்மது மட்டும் குட்டியா இருக்குன்னு. அப்படின்னா அடாப்டிவ் லேயரே ஆப்புக்குள்ள இல்ல, பழைய மாதிரி பிஎன்ஜி மட்டும் இருக்கு, லாஞ்சர் அதைச் சுருக்கி தானா ஒரு வெள்ளைப் பின்னணி போட்டுக்குது. ஆண்ட்ராய்டு, ஐஃபோன் ரெண்டுக்கும் ஒரே கோடுல ஆப் பண்ற ஃப்ளட்டர்ல இது ரொம்ப சகஜம். லாஞ்சர் ஐகான்ஸ் பேக்கேஜ்ல பொதுவான இமேஜ் பாத் மட்டும் குடுத்துட்டு அடாப்டிவ் ஃபோர்கிரவுண்ட், பேக்கிரவுண்டுன்னு இருக்கற ரெண்டு வரியை விட்டுடுவாங்க. அந்த ரெண்டு வரியைச் சேர்த்து திரும்ப ரன் பண்ணா போதும். நேரடியா ஆண்ட்ராய்டு ஸ்டுடியோல வேலை செய்றவங்க ரெஸ் ஃபோல்டர்ல ரைட் கிளிக் பண்ணி நியூ, இமேஜ் அசெட்னு போனா ரெண்டு லேயரையும் தனித்தனியா குடுக்கலாம், மாஸ்க் போட்டா எப்படி இருக்கும்னு அங்கயே காட்டும், பழைய ஃபோனுக்கு வேண்டிய 48, 72, 96, 144, 192 பிக்சல் படங்களையும் அதுவே பண்ணிடும். தயவுசெஞ்சு கையால ஒவ்வொண்ணா ரீசைஸ் பண்ணாதீங்க.

லோகோ வாங்கற விஷயத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். கடைக்காரங்க லோகோவை வாட்ஸ்அப்ல ஃபோட்டோவா அனுப்புவாங்க, அது சுருங்கி ஜேபெக் ஆகி வரும், ஜேபெக்ல டிரான்ஸ்பரன்சி கிடையாது, வெள்ளைப் பின்னணி ஒட்டிக்கிட்டே வரும், அதை வெட்டி எடுத்தா ஓரமெல்லாம் பிசிறு. லோகோ பண்ணிக் குடுத்தவங்ககிட்ட எஸ்விஜியோ இல்லஸ்ட்ரேட்டர் ஃபைலோ வெக்டர் பிடிஎஃப்போ இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்க, வாட்ஸ்அப்லயே அனுப்பறதா இருந்தாலும் டாகுமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க. இன்னொண்ணு, கடைப் பேரு முழுசையும் ஐகானுக்குள்ள எழுதச் சொல்வாங்க. தமிழ் எழுத்துக்கு அகலம் ஜாஸ்தி, ஐகான் அளவுக்குச் சுருக்கும்போது ண, ணை, ஐ மாதிரி சுழி நிறைய இருக்கற எழுத்து அடைஞ்சு போயிடும், மெய்யெழுத்து மேல இருக்கற புள்ளி கண்ணுக்கே தெரியாது. பேரு எப்படியும் ஐகானுக்குக் கீழ வரப்போகுது. ஐகானுக்கு ஒரே ஒரு எழுத்தோ ஒரு உருவமோ போதும்னு நான் உக்கார வச்சுப் பேசியே புரிய வைப்பேன், பிடிவாதமா இருந்தா ரெண்டையும் ஃபோன்ல போட்டு கைல குடுத்துடுவேன், பாத்தா அவங்களே ஒத்துக்கறாங்க.

அடுத்தது "மாத்திட்டேன், ஆனா பழசே வருது". லாஞ்சர் கேஷ் (லாஞ்சர் ஏற்கனவே சேமிச்சு வச்சிருக்கற பழைய படம்) ஒரு காரணம்தான், ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணி, ஃபோனை ரீஸ்டார்ட் பண்ணி, பில்டை கிளீன் பண்ணிட்டு திரும்ப போட்டா சரியாயிடும். அப்படியும் வரலன்னா கேஷைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. ஐகான் படங்கள் இருக்கற மிப்மேப் ஃபோல்டர்கள்ல எனிடிபிஐ வி26-னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள எந்த லேயரை எடுக்கணும்னு சொல்ற எக்ஸ்எம்எல் ஃபைல் ஒண்ணு இருக்கும், ஆண்ட்ராய்டு 8-க்கு மேல இருக்கற ஃபோனெல்லாம் அதைத்தான் படிக்கும். நீங்க எச்டிபிஐ, எக்ஸ்எச்டிபிஐ ஃபோல்டர்ல இருக்கற பிஎன்ஜியெல்லாம் மாத்தியிருப்பீங்க, அந்த எக்ஸ்எம்எல் இன்னும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தானா வச்சுக் குடுக்கற பழைய பச்சை ரோபோவைத்தான் காட்டிட்டு இருக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ப்ராஜெக்ட்ல இது ரொம்ப நடக்கும். அதே ப்ராஜெக்ட்ல முன்னாடியே வெப்பிங்கற வகைப் பட ஃபைல் இருக்கும், பக்கத்துலயே அதே பேர்ல பிஎன்ஜி போட்டீங்கன்னா டூப்ளிகேட் ரிசோர்சஸ்னு எரர் வந்து பில்டே நிக்கும், பழசை டெலீட் பண்ணணும். ஃப்ளட்டர் மாதிரியே ரெண்டு ஃபோனுக்கும் ஆப் பண்ற ரியாக்ட் நேட்டிவ்ல ரவுண்டு ஐகான்னு தனியா ஒரு செட் இருக்கு, அதை மறந்துட்டா சில ஃபோன்ல மட்டும் ரோபோ தெரியும், உங்க டெஸ்ட் ஃபோன்ல எல்லாம் சரியா இருக்கும், அதனால கஸ்டமர் சொல்றதை நம்பவே மாட்டீங்க.

இது எதுவும் இல்லன்னா மானிஃபெஸ்ட்டை, அதாவது ஆப்போட பேரு, ஐகான் எல்லாம் எழுதியிருக்கற ஃபைலை, திறந்து பாருங்க. அப்ளிகேஷனுக்கு ஒரு ஐகான் குடுத்திருப்பாங்க, மெயின் ஆக்டிவிட்டிக்கு (ஆப் திறந்ததும் வர்ற முதல் ஸ்க்ரீன்) யாரோ இன்னொண்ணு குடுத்திருப்பாங்க, லாஞ்சர் ஆக்டிவிட்டியோடதைத்தான் எடுக்கும். ஸ்டேஜிங், ப்ரொடக்ஷன்னு ஃப்ளேவர் (ஒரே ஆப்போட வேற வேற வகை) வச்சிருந்தா அந்தந்த ஃப்ளேவர் ஃபோல்டர்ல இருக்கற ஐகான் மெயின் ஃபோல்டர்ல இருக்கறதை ஓவர்ரைட் பண்ணிடும். சில லைப்ரரி தன்னோட மானிஃபெஸ்ட்லயும் ஐகான் வச்சிருக்கும், அப்ப மெர்ஜ் எரர் வரும், டூல்ஸ் ரீப்ளேஸ் போடணும்னு அந்த எரர் மெசேஜ்லயே எழுதியிருக்கும். எரரை முழுசாப் படிக்காம காப்பி பண்ணி சாட்பாட்ல போடற பழக்கம் ஜூனியர் பசங்ககிட்ட ஜாஸ்தி ஆயிட்டு இருக்கு, படிச்சா அதுலயே விடை இருக்குப்பா.

இப்ப வெள்ளைக் கட்டம். என்னைக் கேட்டா ஐகான் விஷயத்துலயே நிறைய பேர் சிக்கறது இதுலதான். 2014-ல வந்த ஆண்ட்ராய்டு 5.0-ல இருந்து நோட்டிஃபிகேஷன் சின்ன ஐகான்ல சிஸ்டம் கலரைப் பாக்கறதே இல்ல, எங்க படம் இருக்கு எங்க டிரான்ஸ்பரன்ட்டா இருக்குன்னு மட்டும் பாத்து, படம் இருக்கற இடத்தையெல்லாம் ஒரே கலர்ல நிரப்பிடும். உங்க லோகோ பின்னணியோட முழுச் சதுரமா இருந்தா முழுச் சதுரமும் வெள்ளையாயிடும், அவ்வளவுதான் ரகசியம். அதனால நோட்டிஃபிகேஷனுக்குன்னு தனியா, 24 டிபி அளவுல, வெள்ளை உருவம், டிரான்ஸ்பரன்ட் பின்னணின்னு ஒரு ஐகான் பண்ணணும், லோகோவோட நிழல் வடிவம் மாதிரி. லாஞ்சர் ஐகானை அங்க போடவே கூடாது. ஆண்ட்ராய்டு 8.0-ல அடாப்டிவ் ஐகானை நோட்டிஃபிகேஷன்ல போட்டா சிஸ்டம் யூஐ திரும்பத் திரும்ப கிராஷ் ஆகி ஃபோனையே பயன்படுத்த முடியாமப் போற பிரச்சனை இருந்துச்சு, 8.1-ல சரி பண்ணாங்க.

சரி, தனி ஐகான் பண்ணியாச்சு, ஆனா சில நேரம் சரியா வருது சில நேரம் வெள்ளைக் கட்டம் வருதுன்னு சொல்வாங்க. நோட்டிஃபிகேஷன் அனுப்பறதுக்கு கூகுளோட ஃபயர்பேஸ் மெசேஜிங் பயன்படுத்தறவங்களுக்கு இது அடிக்கடி வரும். ஆப் திறந்திருக்கும்போது நோட்டிஃபிகேஷனைக் காட்டறது உங்க கோடு, அதுல நீங்க ஐகானைச் சரியா குடுத்திருப்பீங்க. ஆப் பேக்கிரவுண்ட்ல இருக்கும்போது ஃபயர்பேஸே காட்டிடும், அதுக்கு உங்க கோடு தெரியாது, மானிஃபெஸ்ட்ல டிஃபால்ட் நோட்டிஃபிகேஷன் ஐகான்னு ஒரு மெட்டா டேட்டா வரி இருந்தாத்தான் அதை எடுக்கும், இல்லன்னா லாஞ்சர் ஐகானை எடுத்துக்கும். டீபக்ல (சோதனைக்கு எடுக்கற பில்டு) நல்லா வேலை செஞ்சு ரிலீஸ்ல மட்டும் ஐகான் காணோம், இல்ல இன்வேலிட் ஐகான்னு எரர் வருதுன்னா பயன்படாத ஃபைலை நீக்கற ரிசோர்ஸ் ஷ்ரிங்க்கர் அதைத் தூக்கிடுச்சுன்னு அர்த்தம், ஐகானைப் பேரை வச்சு ஸ்ட்ரிங்கா கூப்பிட்டா அதுக்கு யாரும் பயன்படுத்தலன்னு தோணும். ரா ஃபோல்டர்ல ஒரு கீப் எக்ஸ்எம்எல் போட்டு அந்த ஐகானை எடுக்காதன்னு சொல்லணும். ரிலீஸ் பில்டை ஒரு தடவை ஃபோன்ல போட்டு, ஆப்பை மூடி வச்சுட்டு ஒரு மெசேஜ் அனுப்பிப் பாக்காம கிளையன்ட்டுக்குக் குடுக்காதீங்க.

ஆண்ட்ராய்டு 13-ல தீம்டு ஐகான் வந்துச்சு, யூசர் வால்பேப்பர் கலருக்கு ஏத்த மாதிரி ஐகானெல்லாம் மாறும். அதுக்கு மோனோக்ரோம்னு மூணாவது ஒரு லேயர் வேணும். நோட்டிஃபிகேஷனுக்குப் பண்ண அதே உருவத்தை 108 டிபி கணக்குக்கு மாத்தி வச்சா வேலை முடிஞ்சுது.

ஐஃபோன்ல கொஞ்சம் நிம்மதி. 2022-ல ஆப் பண்றதுக்கான ஆப்பிள் டூல் எக்ஸ்கோட் 14 வந்ததுக்கு அப்புறம் 1024 பிக்சல் படம் ஒண்ணு குடுத்தா மத்த அளவெல்லாம் அதுவே பாத்துக்கும். ஆனா அதுல டிரான்ஸ்பரன்சி இருக்கக் கூடாது, ஆல்ஃபா சேனல் (டிரான்ஸ்பரன்சி விவரம் வைக்கற பகுதி) இருந்தாலே அப்லோட் பண்ணும்போது 90717-னு எரர் நம்பர் போட்டுத் திருப்பி அனுப்பிடும். கண்ணுக்கு முழுசா நிரம்பின படமாத் தெரிஞ்சாலும் ஃபைல்ல ஆல்ஃபா ஒட்டிட்டு இருக்கும், மேக்ல ப்ரிவ்யூல திறந்து எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஆல்ஃபா டிக்கை எடுத்துட்டா போதும், ஃப்ளட்டர் பேக்கேஜ்லயும் இதுக்குன்னு ஒரு செட்டிங் இருக்கு. மூலையை நீங்க வளைக்காதீங்க, சிஸ்டம் வளைச்சுக்கும், நீங்களும் வளைச்சா ரெண்டு வளைவும் ஒத்துப்போகாம மூலைல கருப்பா எட்டிப் பாக்கும். ஐஓஎஸ் 18-ல டார்க், டின்டட்னு ரெண்டு வகை சேர்ந்துச்சு, 2025-ல ஐஓஎஸ் 26-ஓட ஐகான் கம்போசர்னு ஒரு டூல் குடுத்து லேயர் லேயரா கேக்கறாங்க, அதாவது ஆப்பிளும் அதே வழிக்கு வந்தாச்சு. அதனாலதான் வெக்டர் ஃபைலை வாங்கி வைங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

ஸ்டோர் ஐகான்ல ரெண்டு கம்பெனியும் வேற வேற. ஆப் ஸ்டோர்ல தெரியறது உங்க பில்டுக்குள்ள இருக்கற ஐகான், அதை மாத்தணும்னா புது பில்டு அனுப்பித்தான் ஆகணும். பிளே ஸ்டோர்ல தெரியறது பிளே கன்சோல்ல ஸ்டோர் லிஸ்டிங் பக்கத்துல தனியா ஏத்தற 512 பிக்சல் பிஎன்ஜி, பில்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஃபோன்ல புதுசு ஸ்டோர்ல பழசுன்னா அங்க போய் மாத்தலன்னு அர்த்தம். அதையும் முழுச் சதுரமா ஏத்துங்க, வளைவும் நிழலும் கூகுளே போட்டுக்கும். தீபாவளி சமயத்துல "ஐகான்லயே 50% தள்ளுபடின்னு போடுங்க தம்பி"ன்னு கேக்கற முதலாளிங்க உண்டு. சேல், ஃப்ரீ, நம்பர் ஒன் மாதிரி விளம்பரமோ ரேங்க்கோ ஐகான்லயும் பேர்லயும் போடக் கூடாதுன்னு 2021-லயே பிளே ஸ்டோர் பாலிசி வந்தாச்சு, அதே மாதிரி பிரபலமான ஆப் ஐகான் மாதிரியே பண்ணச் சொல்றதும் ஆபத்து, ஏமாத்து ஆப்புன்னு எடுத்துடுவாங்க, சீசன் நேரத்துல நம்ம ஆப் பிளே ஸ்டோரை விட்டுப் போனா நஷ்டம் கடைக்காரருக்குத்தான்னு பக்குவமா எடுத்துச் சொல்லுங்க.

ஆப்புக்குள்ள இருக்கற ஐகானைப் பத்தியும் கொஞ்சம். ஐகானுக்குப் பதிலா கட்டம் கட்டமா வந்தா ஐகான் ஃபான்ட் (ஐகானையெல்லாம் எழுத்து மாதிரி வச்சிருக்கற ஃபைல்) லோட் ஆகலன்னு அர்த்தம். ஃப்ளட்டர்னா பப்ஸ்பெக் செட்டிங் ஃபைல்ல யூசஸ் மெட்டீரியல் டிசைன் ட்ரூன்னு இருக்கான்னு பாருங்க, ரியாக்ட் நேட்டிவ்ல ஐஃபோன்ல மட்டும் வரலன்னா இன்ஃபோ பிலிஸ்ட் ஃபைல்ல ஃபான்ட் பேரு சேர்த்திருக்கான்னு பாருங்க. தொடற இடம் ஆண்ட்ராய்டுல 48 டிபி, ஐஃபோன்ல 44 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது, ஐகான் சின்னதா இருந்தாலும் பரவால்ல, சுத்தி பேடிங் குடுங்க, வயசானவங்க விரல் அங்கதான் தடுமாறும்.

அப்புறம் ஐகானை வரையாம வாசிக்கற ஒண்ணு இருக்கு, ஸ்க்ரீன்ல இருக்கறதைச் சத்தமா வாசிக்கற வசதி, ஆண்ட்ராய்டுல டாக்பேக், ஐஃபோன்ல வாய்ஸ்ஓவர். கண் தெரியாதவங்க அதை வச்சுத்தான் ஆப்பைப் பயன்படுத்தறாங்க. வெறும் ஐகான் மட்டும் இருக்கற பட்டனுக்கு லேபிள் குடுக்கலன்னா அது "பட்டன்"னு மட்டும் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடும், எது பணம் அனுப்பற பட்டன் எது டெலீட் பண்ற பட்டன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆண்ட்ராய்டுல கன்டென்ட் டிஸ்க்ரிப்ஷன், ஸ்விஃப்ட் யூஐல அக்சசிபிலிட்டி லேபிள், ஃப்ளட்டர்ல டூல்டிப் இல்லன்னா செமான்டிக் லேபிள், ஒரு பட்டனுக்கு ஒரு வரி வேலை. ஆப் தமிழ்ல இருந்தா லேபிளையும் தமிழ்லயே எழுதுங்க, "ஐகான் 3"-ன்னு எழுதாம "ரசீது பதிவிறக்கு"ன்னு அது செய்ற வேலையை எழுதுங்க, எழுதிட்டு டாக்பேக்கை ஆன் பண்ணி, கண்ணை மூடிட்டு உங்க ஆப்ல ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்க.