ஊறுகாய் தெரிந்தவளுக்கு ஆஸ்மாசிஸ் தெரியாதா?

பெரம்பூரில் நான் மனநல ஆலோசகராக உட்காரும் சின்ன அறையில், காலாண்டு மதிப்பெண் வந்த வாரம்தான் கூட்டம் அதிகம். அப்படி வந்தவள்தான் வியாசர்பாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பத்தாவது வரை தமிழ் வழி, அறிவியலில் 90-க்கு மேல். பதினொன்றாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறினாள், உயிரியலில் பெயில். "நல்லாப் படிச்ச பொண்ணுங்க மேடம். போன்தான் கெடுத்துடுச்சு" என்றார் அம்மா.

ஆஸ்மாசிஸ் என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டேன். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். சரி, தமிழில் சொல்லும்மா என்றேன்.

"சவ்வூடு பரவல் மிஸ். ஊறுகாய்க்கு மாங்காய்ல உப்பு போட்டா தண்ணி விட்டுக்குமே, அதானே?"

பாடம் அவளிடம் இருக்கிறது. வெளியே வர வழிதான் இல்லை. ஒரு கேள்வியைப் படித்து, யோசித்து, விடை கோக்கும்வரை எல்லாவற்றையும் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பிடிமானம் யாருக்குமே கொஞ்சம்தான். 'தப்பாப் பேசினா சிரிப்பாங்களோ' என்ற பயம் அதில் பாதியைத் தின்றுவிடுகிறது. மொழிபெயர்ப்பு மீதியை எடுத்துக்கொள்கிறது. பார்க்கிறவர்களுக்கு மக்குப் பிள்ளை. நானும் தமிழ் வழியில் படித்து கல்லூரியில் முதல் வருடம் முழுக்க வாய் திறக்காதவள்தான், அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

நேர் எதிரான பிள்ளைகளும் வருவார்கள். ஆங்கிலத்தில் கடகடவென்று பேசுவார்கள், ஆனால் பாடப் பத்தி ஒன்றைப் படித்தால் புரியாது. கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். பேச்சு மொழி சுமார் 2 வருடத்தில் பிடிபடும், பாடமொழிக்கு 5 முதல் 7 வருடம் ஆகலாம் என்பது அவர் கணக்கு. நாம் கொடுப்பதோ ஒரு கோடை விடுமுறை.

இதைப் படித்துவிட்டு வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மொழி குழப்பும் என்ற பேச்சு பழசு. 1962-லேயே கனடாவின் மான்ட்ரியலில் பீல், லாம்பர்ட் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் பிள்ளைகளின் அறிவுத்திறனைச் சோதித்தபோது, இருமொழிப் பிள்ளைகள்தான் முன்னால் நின்றார்கள். அம்மாவுக்கே வராத ஆங்கிலத்தில் அம்மாவிடம் பேசச் சொன்னால், பிள்ளை பேசுவதையே குறைத்துக்கொள்ளும்.

இவளுக்குச் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. நோட்டில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். முதலில் தமிழில் எனக்கு விளக்க வேண்டும், அப்புறம்தான் ஆங்கிலம். பேசும்போது நடுவில் யாரும் திருத்தக் கூடாது என்று டீச்சரிடமும் கேட்டுக்கொண்டேன்.

அரையாண்டில் 58. கை தூக்குவது இன்னும் கிடையாது. ஆனால் கடைசி பெஞ்சிலிருந்து மூன்றாவது பெஞ்சுக்கு வந்திருக்கிறாளாம்.