சிக்னல்: குறிகையும் விடையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிக்னல் என்றால் எல்லாருக்கும் சாலை விளக்குதான் நினைவுக்கு வரும். நாளிதழ்கள் அதைச் சமிக்ஞை விளக்கு என்று எழுதுகின்றன. மலாயில் இஸ்யாரட். ரயில்வேயில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு அது கைகாட்டி. வார இறுதியில் நான் நடத்தும் கணினி வகுப்பில் ஒரு மாணவன் கேட்டது இவற்றில் எதையும் அன்று. “ஐயா, ஓடுகிற நிரலுக்கு வரும் சிக்னலைத் தமிழில் எப்படிச் சொல்வது?”

கேட்டதற்குக் காரணம் இருந்தது. அப்பாவின் சிறிய செம்பனைத் தோட்டத்தில் வெட்டும் குலைகளின் எடையைப் பதிய, சி மொழியில் ஒரு நிரல் எழுதியிருந்தான். கண்ட்ரோல்-சி அழுத்தி அதை நிறுத்தினான். கோப்பைத் திறந்தால் கடைசியாகப் பதிந்த வரிகளைக் காணவில்லை.

லினக்ஸ், மேக் போன்ற, யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் சிக்னல் என்பது ஓர் எண். ஓடிக்கொண்டிருக்கும் நிரலிடம் இயங்குதளத்தின் கரு அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது. கண்ட்ரோல்-சி அழுத்தினால் 2, நினைவகத்தில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டால் 11. நிரலுக்குச் சிக்னல் அனுப்பும் ‘கில்’ கட்டளையை வெறுமனே கொடுத்தால் போவது 15. அந்தக் கட்டளையின் பெயரைப் பார்த்து அஞ்ச வேண்டாம். 15 என்பது ‘முடித்துக்கொள்’ என்னும் வேண்டுகோள்தான். 9 அப்படியன்று. அதைத் தடுக்கவோ ஏற்றுக் கையாளவோ எந்த நிரலாலும் முடியாது.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் அடையாளத்தைக் குறிக்கும் ‘சிக்னும்’. சமிக்ஞை வடமொழியின் ‘சம்’, ‘ஞா’ என்ற இரண்டும் சேர்ந்தது. ஒருசேர அறிதல் என்று விரியும். பொருள் அழகானதுதான், ஆனால் பிள்ளைகளின் நாவில் அது தடுக்குகிறது. குறிப்பலை என்று மின்னியலில் எழுதுகிறார்கள். இங்கே அலையே இல்லை, எண் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே அது பொருந்தாது. குறி என்றே வைக்கலாம் என்றால் அதற்கு இலக்கு, அடையாளம், சோதிடம் எனப் பல பொருள்கள். வருகை, செய்கை போலக் ‘கை’ விகுதி சேர்த்த குறிகை என்ற சொல் கலைச்சொல்லாக ஏற்கெனவே புழங்குகிறது. நான் அதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

குறி என்ற வேரை விட எனக்கு மனம் வராததற்கு இன்னொரு காரணம் தொல்காப்பியத்தில் இருக்கிறது. களவியலில் அல்லகுறி என்று ஒன்று வருகிறது. இரவில் வரும் தலைவன் தன் வரவைத் தெரிவிக்கப் புள்ளை எழுப்புவான், நீரில் எதையாவது எறிந்து ஒலி செய்வான். சில இரவுகளில் மரத்துக் காய் தானாகவே நீரில் விழும். தலைவி அவன்தான் என்று எண்ணி வந்து, யாரையும் காணாமல் திரும்புவாள். எதிர்பாராத சிக்னலுக்கு இதைவிட நல்ல பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு செல்லும் ‘குழாயில்’, மறுமுனையில் படிக்கும் நிரல் போய்விட்ட பின் எழுதினால் 13 வருகிறது; அதை நினைத்தும் பார்க்காத நிரல் அங்கேயே மடிகிறது. எண் 11 உண்மையான நினைவகப் பிழையால் வந்திருக்கலாம், யாரோ ‘கில்’ கட்டளையால் அனுப்பியும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. உண்மையான பிழை என்றால், குறிகையை ஏற்ற பகுதி எதையும் சரிசெய்யாமல் திரும்பும்போது அதே பழுதான கட்டளை மறுபடி ஓடும், மறுபடி 11 வரும். அங்கே தொடர முயல்வது வீண்.

இனி மாணவனின் காணாமற்போன வரிகள். கோப்பில் எழுதும் எழுத்துகளை சி நூலகம் உடனே வட்டுக்கு அனுப்புவதில்லை, ஓர் இடைத்தாங்கியில் சேர்த்து வைக்கிறது. குறிகையால் மடியும் நிரலோடு அந்த இடைத்தாங்கியும் போய்விடுகிறது. அவன் இதைச் சரிசெய்ய, குறிகை வந்ததும் ஓடும் கையாளிக்குள்ளேயே எழுத்துகளை வெளியிடும் பிரிண்ட்எஃப், நிரலை முடிக்கும் எக்ஸிட் எல்லாவற்றையும் எழுதினான். பெரும்பாலும் வேலை செய்தது. சில நாள் அப்படியே உறைந்து நின்றது. காரணம், குறிகை எந்த நொடியிலும் குறுக்கே வரும். இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நுழையாமல் காக்கும் பூட்டு ஒன்று பிரிண்ட்எஃப்புக்கு உண்டு. நிரலின் முதன்மைப் பகுதி அதைப் பிடித்திருக்கும்போது குறிகை வந்தால், கையாளி அதே பூட்டுக்காகக் காத்திருக்கும்; பூட்டை விட வேண்டிய முதன்மைப் பகுதியோ கையாளி முடியட்டும் என்று நிற்கும். நினைவகம் ஒதுக்கும் ‘மாலாக்’ என்ற நூலகச் செயலிலும் இதே ஆபத்து உண்டு.

இதை அவனுக்கு விளக்க என் அம்மாவின் ரப்பர் பால்வெட்டுதான் உதவியது. மழை வரும்போல் இருந்தால் தோட்டத்தில் மணி அடிப்பார்கள். மணி கேட்டதும் அம்மா கத்தியைப் போட்டுவிட்டு ஓடமாட்டார். கையிலிருக்கும் மரத்தின் வெட்டை முடித்து, கோப்பைகளில் உள்ள பாலை வாளியில் ஊற்றிக்கொண்டுதான் வருவார். மணியின் வேலை தெரிவிப்பது மட்டும். பாலைச் சேர்ப்பது வெட்டுபவரின் வேலை. கையாளியும் மறக்காமலிருக்க முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டால் போதும். சி மொழியில் அந்த முடிச்சு, கையாளி பாதுகாப்பாக எழுதக்கூடிய வோலடைல் சிக்-அட்டாமிக்-டி வகை மாறி ஒன்று. நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் முதன்மைச் சுற்று ஒவ்வொரு தடவையும் முடிச்சைப் பார்த்து, எழுதும் வரியை முடித்து, கோப்பினை மூடி, பிறகு கிளம்ப வேண்டும். இயங்குதளத்திடம் உள்ளீடு கேட்டுக் காத்திருக்கும் அழைப்பு குறிகையால் இடையில் முறிந்து திரும்பலாம், அதையும் எதிர்பார்க்க வேண்டும். கையாளிக்குள்ளிருந்தே வெளியேறித்தான் ஆக வேண்டுமென்றால் அடிக்கோட்டோடு தொடங்கும் எக்ஸிட்டே (_exit) பாதுகாப்பானது. ஆனால் அது இடைத்தாங்கியைக் காலிசெய்யாது.

எண் 9 மணி அடிக்காமல் கொட்டும் மழை. அதற்கு நல்ல காப்பு, புதிய தரவைத் தற்காலிகக் கோப்பில் முழுதாக எழுதி, வட்டில் சேர்ந்ததை உறுதிசெய்து, பிறகு அதைப் பழைய கோப்பின் பெயருக்கு மாற்றுவது. எந்த நொடியில் மடிந்தாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுமையாக இருக்கும். நிரல்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் டாக்கர் என்னும் மென்பொருள், ஒரு கொள்கலனை நிறுத்தும்போது முதலில் 15 அனுப்பி, வழக்கமாக 10 விநாடி காத்திருந்து, பிறகே 9 அனுப்புகிறது. அத்தகைய கொள்கலன்கள் பலவற்றை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் கொடுக்கும் வழக்கமான அவகாசம் 30 விநாடி.

எக்ஸிட் என்பது இலத்தீனில் ‘அவன் வெளியே போகிறான்’. ஆங்கில நாடக ஏடுகளில் பாத்திரம் மேடையை விட்டு நீங்கும் குறிப்பு. தமிழில் வெளியேறுதல் என்கிறோம். நான் விடைபெறுதல் என்பேன். விடை என்ற சொல்லுக்குப் போக அனுமதி, கேள்விக்குப் பதில் என்ற இரு பொருளும் உண்டு. முடியும் நிரலும் தன்னைத் தொடங்கிய தாய் நிரலுக்கு ஒரு பதிலை விட்டுத்தான் போகிறது. அந்த விடை எண் 0 என்றால் வெற்றி, 255 வரை மற்றவை. குறிகையால் மடிந்ததைக் கட்டளைச் செயலி (ஷெல்) குறிகையின் எண்ணோடு 128-ஐக் கூட்டிக் காட்டும்: 2, 9, 15-க்கு முறையே 130, 137, 143. தாய் நிரலுக்கு உண்மை தெரிய வேண்டுமானால், எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திய பின் கையாளியை நீக்கி, வந்த அதே குறிகையைத் தனக்கே அனுப்பிக்கொண்டு முடிவது நல்ல முறை. மாணவனின் நிரல் இப்போது அப்படித்தான் விடைபெறுகிறது. சென்ற வாரம் கண்ட்ரோல்-சி அழுத்தினான். திரையில் 130, கோப்பில் கடைசிக் குலையின் எடை வரை இருந்தது.