ஈஸ்ட்ரோஜன் எங்கெங்க போய் நிக்குது?

எங்கட பக்கத்தில ஐம்பதை எட்டின அம்மாமாரிட்டக் கேட்டுப் பாருங்கோ, இரவில திடீரெண்டு நெஞ்சுக்குள்ளால அனல் முகத்துக்கு ஏறும், சட்டை நனைய வேர்த்து ஊத்தும், பிறகு குளிரும் எண்டு சொல்லுவினம். கிளிநொச்சி வெக்கைக்கு ஆருக்குத்தான் வேர்க்காது எண்டு வீட்டில ஒருத்தரும் கணக்கெடுக்கிறேல்லை. ஆனா மார்கழி மழைக்கையும் அப்பிடி வேர்த்தா அது வெயில் இல்லைத்தானே. மென்சஸ் நிக்கிற காலத்தில ஈஸ்ட்ரோஜன் எண்ட ஹோர்மோன் குறைய, மூளையில உடம்புச் சூட்டைப் பாக்கிற ஹைபோதலமஸ் சும்மா துளி சூடு கூடினாலே பதறிப்போய் வேர்வையைத் திறந்து விடுது, அவ்வளவுதான் விசயம்.

பள்ளிக்கூடத்தில எங்களுக்கு இது கர்ப்பப்பைக்கான ஹோர்மோன் எண்டுதான் படிப்பிச்சவை. பிறகேன் மூளை, எலும்பு எல்லாம் இதைத் தேடுது?

அதுக்கு வழி காட்டினவர் சிக்காகோ பல்கலைக்கழகத்து எல்வுட் ஜென்சன். 1950களில இந்த ஹோர்மோன் கலத்துக்குள்ள போய் நொதியங்களோட சேர்ந்து தானே இரசாயன மாற்றம் அடைஞ்சுதான் வேலை செய்யுது எண்டு கனபேர் நினைச்சவை. ஜென்சன் கேள்வியையே திருப்பிப் போட்டார். ஹோர்மோன் உடம்பை என்ன செய்யுது எண்டு பாக்காமல், உடம்பு ஹோர்மோனை என்ன செய்யுது எண்டு பாப்பம் எண்டார். ஈஸ்ட்ரோஜனில பலமான எஸ்ட்ரடயோலில டிரிட்டியம் எண்ட கதிர்வீச்சு ஹைட்ரஜனை ஏத்தி, பருவமடையாத பெண் எலியளுக்குத் துளியூண்டு ஊசி போட்டு, பிறகு ஒவ்வொரு உறுப்பா எடுத்து அளந்து பாத்தா, ரத்தத்திலயும் தசையிலயும் வந்தது வந்தபடி போயிட்டுது, கர்ப்பப்பையில மட்டும் மணித்தியாலக் கணக்கா நிக்குது, அதுவும் ஒரு மாற்றமும் இல்லாமல் போன மாதிரியே. அப்ப அதைப் பிடிச்சு வைக்கிற ஏதோ ஒண்டு அங்க இருக்கவேணும். அந்தப் புரதம்தான் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர். ஹோர்மோன் வந்து ஒட்டினதும் இது டிஎன்ஏயில போய் இருந்து சில மரபணுக்களை எழுப்பி விடும். 1958இல வியன்னா மாநாட்டில ஜென்சன் இதைச் சொல்லேக்க கேக்க வந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆக்கள்தான்.

பிறகு தேடத் தேட ரிசெப்டர் எலும்பு, மூளை, ரத்தக்குழாய் எண்டு எல்லா இடமும் அம்பிட்டுது. 1996இல சுவீடன்காரர் ரெண்டாவது வகை ஒண்டைக் கண்டுபிடிச்சவை, அதுவும் எதில? ஆண் எலியின்ர புரஸ்டேட்டில!

எலும்பு எங்கட குளக்கட்டு மாதிரி, ஒரு பக்கம் அரிக்கும், ஒரு பக்கம் மண் விழும், ரெண்டும் சமனா இருக்குமட்டும் கட்டு நிக்கும். எலும்பை அரிக்கிற கலங்களின்ர ஆயுளை ஈஸ்ட்ரோஜன் குறைச்சு வைக்குது. அது இல்லாமல் போக அரிப்பு முந்துது, கிணத்தடிப் பாசியில சறுக்கிக் கையை ஊண்டின உடனேயே மணிக்கட்டு முறியிறது அதாலதான். ஆம்பிளையளுக்கும் இதே கதைதான். 1994இல ஒருத்தரைப் பற்றி எழுதினவை, வயசு 28, உயரம் 204 சென்ரிமீற்றர், இன்னும் வளந்துகொண்டே இருந்தவர், எலும்பு மட்டும் மெலிவு. உடம்பில ஈஸ்ட்ரோஜன் தாராளம், ஆனா மரபணுப் பிழையால ரிசெப்டர் வேலை செய்யேல்லை.

அப்ப ஐம்பதுக்குப் பிறகு எல்லாருக்கும் ஈஸ்ட்ரோஜன் குளிசையைக் குடுத்தா என்ன? அமெரிக்காவில 16,608 பெண்களை வைச்சுப் பாத்தவை, 2002இல இடையில நிப்பாட்டிப் போட்டினம். ஈஸ்ட்ரோஜனோட புரோஜெஸ்டின் எண்ட இன்னொரு ஹோர்மோன் மருந்தும் சேர்ந்த அந்தக் குளிசையால இடுப்பெலும்பு முறிவு குறைஞ்சது, ஆனா மார்புப் புற்றுநோயும் பக்கவாதமும் ரத்தக்கட்டியும் கொஞ்சம் கூடிச்சுது. அதைக் கேட்டு உலகமே பயந்தது கொஞ்சம் ஓவர் எண்டுதான் நான் சொல்லுவன், ஏனெண்டா அந்தப் பெண்களின்ர சராசரி வயசு 63, கனபேருக்கு மென்சஸ் நிண்டு பத்து வருசம் தாண்டிட்டுது. இப்ப நேரத்தோட தொடங்கிறவைக்கு, ஆளைப் பாத்துத்தான் டொக்டர்மார் முடிவெடுக்கினம். பக்கத்து வீட்டு அக்கா குடிச்சவ எண்டு நீங்களும் வாங்கிப் போடாதேங்கோ.

ஜென்சன்ர வேலை கடைசியில பெரிசா உதவினது மார்புப் புற்றுநோய்க்குத்தான். கட்டியில ஒரு துண்டெடுத்து ரிசெப்டர் இருக்கோ எண்டு பாப்பினம், மூண்டில ரெண்டு பங்குக்கு மேல இருக்கும், இருந்தா டமோக்சிபன் மாதிரிக் குளிசை பலன் தரும். இந்த மருந்து மார்பில ரிசெப்டரை அடைச்சுப் போடும், ஆனா மென்சஸ் நிண்டவையின்ர எலும்பில ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்து அரிப்பைக் குறைக்கும். கர்ப்பப்பை உள்சுவரிலயும் அப்பிடித்தான் நடக்கும், அங்க அது நல்லதில்லை, அதாலதான் இதைக் குடிக்கிறவைக்கு மென்சஸ் நிண்ட பிறகு துளி ரத்தம் பட்டாலும் வெக்கப்படாமல் உடன கிளினிக்கில வந்து சொல்லச் சொல்லுறவை.