சாரல் காலத்தில் கிளம்ப மறுக்கும் பழைய கார்

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து, புளியரை, செங்கோட்டை, குற்றாலம், தென்காசி என்று நெடுகச் சாரலைத் தூவிக்கொண்டு போகும். இந்தச் சாரல் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்வதில்லை. சலித்த மாவைப்போல நுண்துளிகளாகக் காற்றில் மிதந்து, கதவிடுக்கிலும் துணிமடிப்பிலும் நுழைந்துவிடும். பழைய அம்பாசடரையோ பிரிமியர் பத்மினியையோ இன்னும் பேணி வைத்திருக்கும் எங்கள் பகுதிக்காரர்களுக்கு அந்த நாட்களின் விடியற்காலை ஒரு சோதனை. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிப்பதில்லை. உடனே பிளக்கை மாற்று, காயிலை மாற்று, கார்புரேட்டரைக் கழற்று என்று ஆளுக்கொரு யோசனை வரும். இவ்வகை எஞ்சினில் கணினியும் இல்லை, சென்சாரும் இல்லை. நடப்பவை எல்லாம் கண்ணால் பார்க்கவும் கையால் சோதிக்கவும் கூடியவை. ஆகையால் ஊகத்தின்பேரில் ஒரு பாகத்தையும் மாற்ற வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. பெட்ரோலும் மின்சாரமும் வரும் வழியை அறிந்து, எந்த இடத்தில் வரவு நின்றது என்று தேடினால் போதும்.

எஞ்சின் தானாக ஓடத் தொடங்க மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். பெட்ரோல் ஆவியும் காற்றும் தகுந்த விகிதத்தில் கலந்து சிலிண்டருக்குள் வரவேண்டும். பிஸ்டன் அந்தக் கலவையை ஏழு, எட்டு மடங்கு சுருக்க வேண்டும். சுருக்கம் முடியும் தறுவாயில் பிளக்கில் பொறி விழவேண்டும். இவற்றுள் சுருக்கத்தைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை, ஏனெனில் நேற்று மாலை நன்றாக ஓடிய வண்டியில் நான்கு சிலிண்டர்களும் ஒரே இரவில் சுருக்கத்தை இழப்பது மிக அரிது. ஐயமிருந்தால் இக்னிஷனை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்கம் ஹேண்டில் போட்டு மெல்லச் சுற்றிப் பார்க்கலாம். இரண்டு சுற்றுக்குள் நான்கு முறை கையை எதிர்த்து இறுகி, பின் தளர்ந்தால் சுருக்கம் இருக்கிறது என்று பொருள்.

செல்ஃப் மோட்டாரே சுற்றாமல் 'டக்' என்ற ஒலியோடு நின்றுவிட்டால் எஞ்சினைத் தொடும் முன் பேட்டரி டெர்மினல்களையும், எஞ்சினை உடற்கூட்டோடு இணைக்கும் எர்த் பட்டையையும் பார்க்க வேண்டும். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். டெர்மினலில் பூத்த வெண்பொடியோ துருவோ அவ்வளவு பெரிய மின்னோட்டத்தைத் தடுத்துவிடும், ஆனால் விளக்கின் சிறிய மின்னோட்டத்துக்கு அது தடையாகத் தெரியாது. விளக்கு எரிகிறது, பேட்டரியில் குறையில்லை என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

பெட்ரோல் பக்கத்தை அடுத்துப் பார்ப்போம். பெட்ரோல் பம்பிலிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, பொறிக்கு மின்சாரம் தரும் காயிலின் நடு வயரை உருவி எர்த்தில், அதாவது எஞ்சின் இரும்பில், இணைத்துப் பொறிக்கு இடமில்லாமல் செய்துவிட்டு, செல்ஃபைச் சில விநாடி சுற்றினால், விட்டுவிட்டுப் பீறிடும் பெட்ரோல் வரவேண்டும். வராவிட்டால் பம்புக்குள் அடித்துப் பெட்ரோலைத் தள்ளும் சவ்வான டயாப்ரம் கிழிந்திருக்கலாம், குழாய் காற்றை உறிஞ்சலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம். பம்ப் வரையில் வந்தும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் சேரவில்லையென்றால் அதன் சிறு தொட்டியான ஃப்ளோட் சேம்பரின் ஊசி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும். பல மாதம் ஓடாத வண்டியில் பெட்ரோலின் இலேசான பகுதிகள் ஆவியாகிப்போய், எஞ்சியது பிசின்போல் படிந்து, பெட்ரோல் பாயும் நுண்துளையான ஜெட்டையும் அடைத்துவிடும். இன்று பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல், அக்காலத்து ரப்பர்க் குழாய்களையும் டயாப்ரங்களையும் எளிதில் கெடுக்கிறது. ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனாலைத் தாங்கும் குழாய்களுக்கு மாறிக்கொள்வது மிகவும் நல்லது.

இதற்கு நேர் எதிரான நோய், பெட்ரோல் மிகுந்து போவது. எரிவதற்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று போதும். ஆனால் எரிவது திரவமன்று, ஆவி. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோலின் ஒரு பகுதி மட்டுமே ஆவியாகும் என்பதால், சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்துக் கூடுதல் பெட்ரோலை வரவழைக்கிறோம். பொறி வராத நிலையில் சோக்கையும் இழுத்துக்கொண்டு செல்ஃபைத் தொடர்ந்து சுற்றினால், ஆவியாகாத பெட்ரோல் பிளக்கை நனைத்துவிடும். அப்போது சோக்கைத் தள்ளிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்தபடி சுற்றினால், மிகுதியாக நுழையும் காற்று சிலிண்டரை உலர்த்தும்.

கோட்டைவாசல் ஏற்றம் ஏறி, ஆரியங்காவில் தேநீர் குடிக்க நிறுத்திய வண்டி பத்து நிமிடத்தில் கிளம்ப மறுத்தால் காரணம் வேறு. நிறுத்தியதும் விசிறியும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிட, பானட்டுக்குள் வெப்பம் சிறிது நேரம் ஏறிக்கொண்டே போகும். குழாயிலும் பம்பிலும் உள்ள பெட்ரோல் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும் தன்மையுடையது, ஆகவே டயாப்ரம் எவ்வளவு அடித்தாலும் அது பெட்ரோலை முன்னே தள்ளாது. பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பதே இதற்கு மருந்து.

ஆனாலும் சாரல் நாளில், இரவு முழுதும் குளிர்ந்து கிடந்த வண்டியில், முதலில் ஐயப்பட வேண்டியது மின்சாரத்தைத்தான். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் முறையே, சிற்சில மாற்றங்களோடு, நம் பழைய கார்களில் இருப்பது. 1912-ஆம் ஆண்டு காடிலாக் காரில் வந்த செல்ஃப் ஸ்டார்ட்டரும் அவர் தந்ததே. வெறும் 12 வோல்ட்டிலிருந்து பல்லாயிரம் வோல்ட்டைப் பெறும் அவருடைய வழி எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. இக்னிஷன் காயிலுக்குள் ஓர் இரும்பு உள்ளகத்தின்மேல், சில நூறு சுற்றுள்ள தடித்த கம்பியும் பல்லாயிரம் சுற்றுள்ள மெல்லிய கம்பியும் சுற்றப்பட்டிருக்கின்றன. பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைவைத்துப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், மின்னோட்டத்தை இணைத்தும் துண்டித்தும் வைக்கும் சி.பி. பாயிண்ட் மூடியிருக்கும்போது தடித்த கம்பியில் மூன்று, நான்கு ஆம்பியர் ஓடிக் காந்தப்புலத்தை எழுப்புகிறது. பாயிண்ட் திறந்ததும் அப்புலம் சரிகிறது. அது எவ்வளவு விரைவாகச் சரிகிறதோ அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் மெல்லிய கம்பியில் பிறக்கிறது. ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் திறந்த பாயிண்டின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்க முயலும். குதித்துவிட்டால் புலம் மெதுவாகவே சரியும். அதைத் தடுத்து, அந்த மின்னூட்டத்தைத் தான் வாங்கிக்கொள்வது ஓரத்தில் திருகிவைத்த சிறு கண்டென்சர். அது கெட்டால் பாயிண்ட் கருகும், பொறி மஞ்சளாகி மெலியும்.

காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைகிறது என்பதை நினைவில் வைத்தால் ஒரு புதிர் விடுபடும். நலிந்த பேட்டரி, செல்ஃப் சுற்றும்போது 12 வோல்ட்டிலிருந்து 8 வோல்ட்டுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் மூன்றில் இரண்டு பங்காகும். ஆற்றலோ ஒன்பதில் நான்கு பங்காக, அதாவது பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடும். சாவியை விட்ட கணத்தில் எஞ்சின் ஒருமுறை உறுமிப் பிடிக்கப் பார்ப்பதும், செல்ஃபில் கிளம்பாத வண்டி நான்கு பேர் தள்ளினால் கிளம்புவதும் இதனால்தான்.

பொறியைச் சோதிக்க, பெட்ரோல் கசிவு ஏதும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் வரும் எச்.டி. வயரை, அதாவது காயிலிலிருந்து உயர் மின்னழுத்தம் வரும் வயரை, உருவி, காய்ந்த மரக்கவ்வியால் பிடித்து, எஞ்சின் இரும்பிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி வைத்து எஞ்சினைச் சுற்றச் செய்ய வேண்டும். நீலமாகப் 'பட்பட்' என்று வெடித்தால் காயில், பாயிண்ட், கண்டென்சர் மூன்றும் நலம். பிளக்கைக் கழற்றி வெளியே வைத்துப் பார்ப்பது மட்டும் போதாது. சுருங்கிய, அடர்ந்த வாயுவைத் துளைத்துப் பொறி விழத் திறந்த காற்றில் தேவைப்படுவதைவிட மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். வெளியே விழும் நோஞ்சான் பொறி உள்ளே விழாமல் போகலாம். நீண்டநாள் நின்ற வண்டியில் பொறியே இல்லையென்றால் பாயிண்ட் முகத்தில் ஆக்சைடு படர்ந்திருக்கும். மெல்லிய எமரித் தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, சுத்தமான துணியால் துடைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்குப் பாயிண்ட் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.6 மில்லிமீட்டரை ஒட்டியது, ஒரு ஹேக்ஸா பிளேடின் தடிமன்.

நடு வயரில் பொறி நன்றாக இருந்து, பிளக்குகளில் இல்லையென்றால், குற்றம் மூடிக்கும் அதனடியில் சுழலும் ரோட்டாருக்கும் பிளக் வயர்களுக்கும் இடையே நிற்கிறது. சாரல் வேலை செய்யும் இடம் இதுவே. தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்துவதில்லை. ஆனால் மூடியின்மேல் படிந்த தூசியும் பிசுக்கும் அந்த ஈரத்தில் ஊறினால் உயர் மின்னழுத்தத்துக்கு எளிய பாதை கிடைத்துவிடுகிறது. சிலிண்டருக்குள் இருக்கும் கடினமான இடைவெளியைத் தாண்டுவதைவிட, மூடியின் ஈரப்பரப்பில் வழுக்கி எர்த்தை அடைவது மின்சாரத்துக்குச் சுலபம்.

சென்ற ஆண்டு ஆடியில் எங்கள் வீட்டு அம்பாசடர் இப்படி நின்றபோது, கணவாய்க்கு அப்பால் புனலூரில் தொழில் கற்ற, எங்கள் தெரு மெக்கானிக் ஓடிவந்து, "செல்ஃபைப் போட்டு பேட்டரியக் கொல்லாதீங்க அண்ணாச்சி, முதல்ல மூடியக் கழட்டித் துடைங்க" என்றார். துடைத்தோம், ரோட்டாரையும் வயர்களையும் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்து, சிலிண்டர்களில் பொறி விழும் 1-3-4-2 என்ற வரிசை மாறாமல் வயர்களைத் திரும்பச் செருகியதும் அரைச் சுற்றில் வண்டி கிளம்பியது. ஆனால் இரண்டு நாள் கழித்து, சாரல் ஓய்ந்து வெயிலடித்த காலையிலும் அதே மறுப்பு. மூடி எலும்பாகக் காய்ந்திருந்தது.

இம்முறை அதை வீட்டுக்குள் கொண்டுபோய் டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தபோது, உட்புறத்தில் இரண்டு முனைகளுக்கிடையே பென்சிலால் கீறியதுபோன்ற மெல்லிய கருங்கோடு ஒன்று தெரிந்தது. ஈரத்தின்மேல் ஊர்ந்த பொறி ஒவ்வொரு முறையும் மூடியின் பேக்லைட்டைச் சிறிது சுட்டு, சுட்ட இடத்தைக் கரியாக்கியிருக்கிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே அந்தப் பாதைக்கு இனி ஈரமே தேவையில்லை. கோட்டைக் கத்திமுனையால் சுரண்டி அன்றைக்கு மட்டும் வண்டியை ஓட்டினோம். புது மூடியும் ரோட்டாரும் வாங்கிப் பொருத்திய பிறகு, எஞ்சிய ஆடி முழுதும், விடியலில் எத்தனை சாரல் அடித்தாலும், சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது.