ஆன்வில் என்றால் பட்டடை

வேலூர் டவுன் பஸ்ஸில் "பட்டறை எறங்கு" என்று குரல் வந்தால் அது காகிதப்பட்டறை. இந்தப் பட்டறை அடிப்படையில் கொல்லன் இரும்பை மேலே வைத்துச் சம்மட்டியால் அடிக்கும் அந்தக் கனத்த கட்டியின் பெயர் என்பது இறங்குகிறவர் யாருக்கும் தோன்றாது. போன மாதம் வரை எனக்கும் தோன்றியதில்லை.

காட்பாடியில் இயற்பியல் படிக்கும் அக்கா மகள் தமிழில் ஒரு கட்டுரை எழுதினாள். கடும் அழுத்தத்தில் உலோகங்கள் எந்தச் சூட்டில் உருகுகின்றன என்று அளப்பதைப் பற்றியது. அதற்கான முக்கியக் கருவி 'டயமண்ட் ஆன்வில் செல்'. அவள் 'வைரக்கல் அறை' என்று போட்டிருந்தாள்.

"நகைக்கடை ஏசி ரூம் மாதிரி இருக்கேம்மா" என்றேன்.

"அப்ப நீங்களே சொல்லுங்க மாமா."

ஆன்வில் பழைய ஆங்கிலச் சொல். 'மேலே வைத்து அடிப்பது' என்பதே அதன் வேர்ப்பொருள். தமிழில் இதற்கு ஒன்றல்ல, மூன்று சொற்கள் உண்டு: உலைக்கல், அடைகல், பட்டடை. பாலை நிலத்துப் பாறையை 'உலைக்கல் அன்ன பாறை' என்கிறது குறுந்தொகை. சித்திரை வெயிலில் வேலூர் மலைகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. வள்ளுவர் எடுத்தது பட்டடையை: 'சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை நேரா நிரந்தவர் நட்பு' (குறள் 821). மனம் ஒட்டாமல் பழகுகிறவன் தாங்குவதுபோல் இருப்பான். நேரம் வாய்த்தால் அடி விழ அவனே துணை. பட்டடை என்பது படு, அடை இரண்டும் சேர்ந்தது. பட்டறையை அதன் மறுவடிவமாகவே நான் கொள்கிறேன். முதலில் கருவி, பிறகு அது கிடக்கும் கொல்லன் களம், பிறகு எந்த வேலைக்கூடமும். இப்போது கவிதைக்கும் பயிற்சிப் பட்டறை நடக்கிறது.

அக்கா மகளுக்கு ஒரு சந்தேகம்: இந்தக் கருவியில் சம்மட்டியே இல்லையே? உண்மைதான். பட்டை தீட்டிய இரண்டு வைரங்கள் முனையோடு முனை பார்த்து நிற்கின்றன. இரண்டுமே பட்டடை. அடி கிடையாது, நெரிப்பு மட்டும். நடுவில் ஓர் உலோகத் தகடு, அதில் நுண்ணிய துளை, துளைக்குள் இரும்புத் துணுக்கு. 1958இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் உருவான கருவி இது. உள்ளங்கையில் அடங்கும். திருகாணிகளைக் கையாலேயே முடுக்கலாம். ஆம்பூரில் செருப்பு தைக்கிறவர் குத்தூசியை உள்ளங்கையால் அழுத்தினால் தோல் துளைபடுகிறதே, அதே கணக்கு: விசை சிறிது, முனை அதைவிட மிகச் சிறிது. வைர முனையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. அதனால் அழுத்தம் பல லட்சம் வளிமண்டலங்களுக்கு ஏறுகிறது.

வைரம் ஒளியை விடும் என்பது இன்னொரு வசதி. அதன் வழியாகவே லேசரைப் பாய்ச்சி இரும்பைச் சூடாக்கலாம். அது விடும் ஒளியைப் பிரித்துப் பார்த்தே வெப்பநிலையைக் கணக்கிடலாம். நம்மூர்க் கொல்லரும் நிறத்தைப் பார்த்துத்தான் 'பழுத்துடுச்சி' என்கிறார். ஆனால் அவர் இரும்பை உருக்குவதில்லை, இளக்குவதோடு சரி.

இங்கேதான் அடுத்த சொல்லில் சிக்கல். 'உருகுநிலை' என்றதும் ஒற்றை எண் நினைவுக்கு வருகிறது: இரும்புக்கு 1538 டிகிரி செல்சியஸ். அது நம் தலைக்கு மேலுள்ள காற்றின் அழுத்தத்தில் மட்டும். அழுத்தம் ஏற ஏற அந்த எண்ணும் ஏறும். பிஸ்மத் போன்ற சிலவற்றில் தொடக்கத்தில் இறங்கும். வரைபடத்தில் போட்டால் அது புள்ளியல்ல, கோடு. ஆகவே அழுத்தத்தோடு சேர்த்துப் பேசும்போது 'உருகுகோடு' என்று எழுதச் சொன்னேன்.

உருகிவிட்டதா என்று தெரிந்துகொள்வதும் லேசல்ல. 1990களில் லேசர் பட்ட பரப்பு அசைகிறதா என்று பார்த்து முடிவு செய்தார்கள். 2013இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். இரும்பு திடமாக இருக்கும்வரை, சிதறி வரும் கதிரின் பதிவில் கூர்மையான கோடுகள். உருகியதும் அவை போய் மங்கலான அகன்ற வளையம். சுமார் 20 லட்சம் வளிமண்டலம் வரை அளந்து, அங்கிருந்து கணக்கை நீட்டினார்கள். பூமியின் உட்கருவின் விளிம்பில், 33 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில், இரும்பு சுமார் 6000 டிகிரியில் உருகும் என்று வந்தது. 500 முன்பின் இருக்கலாம். பழைய அளவீட்டைவிட ஏறக்குறைய 1000 டிகிரி அதிகம். திட இரும்பிலேயே படிகங்கள் புதிதாக அமையும்போது பரப்பு அசையும்; அதையே முன்பு உருகலாக எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவர்கள் விளக்கம்.

மிச்சம் 'செல்'. அறை என்றால் பட்டடை மறுபடி பட்டறையாகக் காதில் விழும். மின்கலம் இருக்கிறதே, கலம் போதும். அக்கா மகள் 'வைரப் பட்டடைக் கலம்' என்று திருத்தி அனுப்பினாள். தட்டச்சு செய்தவர் அதை 'வைரப் பட்டறை' என்று மாற்றிவிட்டார்.