டெல்டாக் கதை எந்த மாதம் நடக்கிறது?

கும்பகோணத்தில் சிறுகதைத் தொகுப்புகளை எடிட் செய்வது என் வேலை. வருகிற காவிரி டெல்டாக் கதைகளில் பலவும் பச்சைப் பசேலென்ற வயல், சலசலக்கும் வாய்க்கால், வரப்பில் ஒரு பெரியவர் என்றுதான் தொடங்குகின்றன. எந்த மாதம் என்று கேட்டால் எழுதியவருக்கே தெரிவதில்லை. முதலில் அதைத் தீர்மானியுங்கள் என்பேன். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ல் கதை நடந்தால், தலைஞாயிறு பக்கம், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் இருக்காது. கல்லணைக்கு வரவே சில நாள் பிடிக்கும். அப்புறம்தான் கிளை ஆறுகளும் வாய்க்கால்களும். தண்ணீரை நம்பி விதை ஊறப்போடலாமா என்று அந்த நாட்களில் ஒருவர் தவிப்பார். கதை அவரிடம் இருக்கிறது.

அரசு நெல் கொள்முதல் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பா அறுவடை முடிந்து விவசாயி ஒருவர் நெல்லைக் குவித்தாயிற்று. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வழக்கமாக எடுக்க மாட்டார்கள். வானம் மூடிக்கொண்டு வருகிறது. இங்கே "அவர் மனம் கலங்கியது" என்று எழுதிவிட்டால் வாசகர் உணர்வதற்கு எதுவும் மிச்சமில்லை. குவியலின் அடியில் கைவிட்டு நாலு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்க்கட்டும். பக்கத்துக் குவியலை மூடிய தார்ப்பாய் தன்னுடையதைவிடப் பெரிதாக இருப்பதைக் கவனிக்கட்டும். போதும்.

உரையாடலில் வேறொரு பிழை. "அப்பா, நமக்கு இருக்கறது அஞ்சு மா நிலம், அதுலயும் சொசைட்டிக் கடன் இருக்கே" என்கிறான் மகன். அப்பாவுக்கு இது தெரியாதா? வாசகருக்குச் சொல்வதற்காகப் பேச வைத்த பேச்சு அது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"சொசைட்டிலேர்ந்து யாரும் வந்தாங்களாப்பா?"

"நீ சாப்பிட்டியாடா?"

கேள்விக்குப் பதிலே வரவில்லை. ஆனால் கடனும் தெரிந்துவிட்டது, அப்பாவின் சங்கடமும் தெரிந்துவிட்டது. வட்டார வழக்கு பேச்சில் இருந்தால் போதும், எல்லா வரியிலும் திணிக்க வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட முக்கியம் யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதுதான். அறுவடை இயந்திரம் வயலில் இறங்குகிறது. மழைக்கு முன் முடிந்துவிடும் என்று நிலக்காரருக்கு நிம்மதி. வரப்பில் நிற்கும் கூலிக்காரப் பெண்ணுக்கோ அதே சத்தம் வேலை போன சத்தம். ஒரே பத்தியில் இருவர் மனதுக்குள்ளும் புகுந்தால் இரண்டுமே நீர்த்துப்போகும். ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவளைத் தேர்ந்தெடுத்தால், இயந்திர வாடகைக் கணக்கு கதைக்குள் வர வேண்டாம். அவள் பார்ப்பது வயலின் மூலையை. இயந்திரம் திரும்ப முடியாத அந்த இடத்தை அரிவாளால் அறுக்க ஆள் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மற்ற பெண்களும் அதே மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரைக் கூப்பிடுவார்கள் என்று அவள் காத்திருக்கும் கால் மணி நேரத்துக்கு இரண்டு பக்கம் கொடுங்கள். அறுவடை முழுவதையும் ஒரே வரியில் தாண்டிவிடலாம்.