காய்ச்சலோடு ஓடினால் கட்டிய பணம் திரும்பி வராது

மாரத்தான் போட்டிகளில் ஃபினிஷ் லைனுக்குப் பக்கத்தில் போடும் மெடிக்கல் டென்ட்டில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். இதை எழுதக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் பொறுத்துக்கொள்வேன். போன போட்டிக்கு அப்புறம் முடியவில்லை.

21 கிலோமீட்டர் ஓட்டம். 18-வது கிலோமீட்டரில் ஒரு இளைஞர் தள்ளாடிக்கொண்டே பாதையை விட்டு விலகி நடந்திருக்கிறார். பெயர் கேட்டால் ஏதோ உளறல். ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். ஆசனவாய் வழியாக வெப்பநிலை பார்த்தோம், 41.2 டிகிரி செல்சியஸ். (நெற்றியிலும் காதிலும் வைக்கும் தெர்மாமீட்டரை இந்த இடத்தில் நம்பவே கூடாது. டென்ட்டுக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.) ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை இறக்கினோம். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் ஆம்புலன்ஸ். 12 நிமிடங்களில் 38.9-க்கு இறங்கியது, கண் திறந்தார்.

இடுப்புப் பையைத் திறந்து பார்த்தால் ஒரு பாராசிட்டமால் அட்டை. அதில் நான்கு குழி காலி. மூன்று நாளாகக் காய்ச்சலாம். ஏன் தம்பி வந்தீர்கள் என்றேன். "ரீஃபண்ட் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க டாக்டர். கட்டின காசு வீணாப் போயிடுமே" என்றார்.

இந்தப் பதிலை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். விலகுவதற்கான கடைசித் தேதி தாண்டியதுமே அந்தப் பணம் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. நீங்கள் ஓடினாலும் போனதுதான், படுத்துத் தூங்கினாலும் போனதுதான். ஃபினிஷ் லைனைத் தொட்டால் யாரும் அதை எண்ணிக் கையில் கொடுக்கப் போவதில்லை. ஓடினால் "வசூல்" ஆகிவிடும் என்று நினைக்கிறீர்கள். எது வசூலாகிறது? மெடலும் டி-சர்ட்டுமா? டி-சர்ட்டை நீங்கள் பிப் (நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்கப் போன அன்றே வாங்கியாகிவிட்டது. ஆக, போட்டி நாள் காலையில் உங்கள் முன்னால் இருக்கும் கேள்வியில் பணமே இல்லை. இந்த உடம்போடு இன்று ஓடலாமா, கூடாதா? அது மட்டும்தான் கேள்வி. அதற்குள் காசைக் கொண்டுவந்து சேர்ப்பது நீங்கள்தான்.

இன்னொன்று, பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சல் இறங்கிவிட்டால் நோய் போய்விட்டதாக அர்த்தமில்லை. வைரஸ் காய்ச்சலில் இதயத் தசை வீங்கும் ஆபத்து உண்டு, அந்த நேரத்தில் கடுமையாக ஓடுவது அதை மோசமாக்கும். இதை ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் சொல்கிறோம். இதயத் தசை அழற்சி வந்துவிட்டால் அப்புறம் பல மாதங்கள் ஓட்டமே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட மனமில்லாமல் ஒரு வருடத்தையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ரீஃபண்ட் தர வேண்டுமா, வேண்டாமா? முன்பெல்லாம், உடம்பு சரியில்லாமல் விலகுகிறவருக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்றுதான் நானும் வாதிடுவேன். அமைப்புக் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. மெடல், டி-சர்ட் ஆர்டர் பல வாரங்களுக்கு முன்பே போய்விடுகிறது. எத்தனை ஆம்புலன்ஸ், எத்தனை மூட்டை ஐஸ், எத்தனை நர்ஸ் என்று நான் கேட்பதும் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையை வைத்துத்தான். நீங்கள் வராவிட்டால் அந்தச் செலவு குறைவதில்லை. கடைசி வாரத்தில் கைவிரிக்கும் அமைப்பாளரை நான் கொள்ளைக்காரன் என்று சொல்லமாட்டேன். போட்டியையே அவர்கள் ரத்து செய்தால் அது வேறு கதை. 2012 நவம்பரில் சாண்டி புயலால் நியூயார்க் மாரத்தான் நின்றுபோனபோது, பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வதும் ஒரு வழியாகத் தரப்பட்டது. அதுதான் நியாயம்.

ஆனால் பணம் தர முடியாது என்பதற்காக வழியே கிடையாது என்று கதவைச் சாத்துவதை ஏற்க முடியாது. அதே 2012 ஏப்ரலில், பாஸ்டன் மாரத்தானுக்குக் கடும் வெயில் என்று முன்னறிவிப்பு வந்தது. பிப் வாங்கியிருந்தவர்கள் இந்த முறை ஓடாமல் 2013-க்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். என் கணக்கில் அது ஒரு மருத்துவ நடவடிக்கை. நான் கேட்பதும் அதைத்தான். உடம்பு முடியாதவருக்குப் பணம் வேண்டாம், அடுத்த வருடத்துக்கு ஒரு இடம் கொடுங்கள். டி-சர்ட் செலவை மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை.

அதற்கு மருத்துவச் சான்றிதழ் கேட்காதீர்கள், தயவுசெய்து. சான்றிதழ் கேட்கும் போட்டிகளுக்கு முந்தைய வாரம் என் கிளினிக்கில் யார் வருகிறார்கள் தெரியுமா? பயிற்சி போதாதவர்கள், கல்யாணத்துக்குப் போக வேண்டியவர்கள். "சும்மா ஒரு வைரல் ஃபீவர்னு எழுதிக் கொடுங்க டாக்டர்." உண்மையிலேயே காய்ச்சல் உள்ளவர் சனிக்கிழமை ராத்திரி எந்த டாக்டரைத் தேடிப் போவார்? அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட வந்துவிடுகிறார்.

ரீஃபண்ட் இல்லை என்றதும் சிலர் பிப்பை நண்பரிடம் கொடுத்துவிடுகிறார்கள். தயவு தாட்சண்யம் இல்லாமல் சொல்கிறேன், இதைச் செய்யவே செய்யாதீர்கள். ஒருமுறை மயங்கி விழுந்தவரின் பிப்பைத் திருப்பி, பின்னால் இருந்த அவசர எண்ணுக்குப் போன் செய்தோம். எடுத்த அம்மாவிடம், உங்கள் கணவர் இங்கே மயக்கமாக இருக்கிறார் என்றோம். அவர் அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "அவர் இங்கதானே தூங்கிக்கிட்டிருக்கார்?" என்றார். அப்படியானால் எங்கள் முன்னால் கிடப்பவர் யார்? அவருக்குச் சர்க்கரையா, வலிப்பா, எந்த மருந்து ஒத்துக்காது? ஒன்றும் தெரியாது. அவர் வீட்டு ஆட்களுக்குச் சேதி போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது.

ஓடுகிறவர்களுக்கு: பதிவு செய்யும்போதே விலகும் விதியையும் கடைசித் தேதியையும் படியுங்கள். தள்ளி வைக்க வழி இல்லாத போட்டிக்கு ஆறு மாதம் முன்பே பணம் கட்ட அவசரப்படாதீர்கள். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, இதில் எது இருந்தாலும் ஓடக் கூடாது. லேசான மூக்கடைப்பு மட்டும்தான், காய்ச்சல் இல்லை என்றால் மெதுவாக ஓடிப் பாருங்கள், சரியாக இல்லை என்றால் நின்றுவிடுங்கள். ஓடும்போது நெஞ்சு வலியோ படபடப்போ வந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு யாரும் ஸ்டார்ட் லைனுக்கு வராதீர்கள், உங்கள் சிறுநீரகத்துக்காகக் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் இருப்பவர்களும், ராத்திரி உடம்பு சுட்டால் "காசு கட்டியிருக்கியே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அமைப்பாளர்களுக்கு: உங்கள் விதிமுறைப் பக்கத்தில் "எந்தக் காரணத்துக்காகவும் பணம் திருப்பித் தரப்படாது" என்பது கொட்டை எழுத்தில் இருக்கிறது. "உடல்நிலை சரியில்லாதவர்கள் ஓட வேண்டாம்" என்பது பொடி எழுத்தில் எங்கேயோ கீழே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவில் போடுங்கள். போட்டி நாள் காலையில் ஸ்டார்ட் லைனுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். வருகிறவர் பிப்பைத் திருப்பிக் கொடுத்து, பெயரை எழுதிவிட்டு, அடுத்த வருட இடத்தோடு வீட்டுக்குப் போகட்டும். அந்த மேசையில் உட்கார ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், ஓட்டம் தொடங்கும் வரை நானே உட்காருகிறேன்.